கான்ஃபரன்ஸ் மாறுற வதந்தி வாரா வாரம் வருதே, எதைத்தான் நம்புறது?

கொர்வாலிஸ்_பீவர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரிகன் ஸ்டேட்ல எம்எஸ் படிச்சவன், அங்க போறதுக்கு முன்னாடி அமெரிக்கன் ஃபுட்பால்னா ஹெல்மெட் போட்டுட்டு முட்டிக்கிற ஆட்டம்னுதான் தெரியும். 2022 நவம்பர்ல ரூம்மேட் இழுத்துட்டு போய் ரீசர் ஸ்டேடியத்துல உக்கார வச்சான், எதிர்ல ஒரிகன், 31-10னு பின்னாடி கிடந்து அப்புறம் வரிசையா 28 பாயிண்ட் அடிச்சு 38-34ல ஜெயிச்சோம், அன்னிக்கு புடிச்ச பைத்தியம் இன்னும் தெளியல.

அடுத்த ஆகஸ்ட்லயே எங்க கான்ஃபரன்ஸே (சேந்து ஆடி டிவி பணத்த பிரிச்சிக்கற காலேஜ் டீம் கூட்டணி) காலி. பாக்-12னு பேரு, அதுல 12 பேர்ல 10 பேர் வேற கான்ஃபரன்ஸுக்கு கிளம்பிட்டாங்க, நாங்களும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும் கல்யாணம் முடிஞ்ச மண்டபத்துல செருப்ப தேடுற மாதிரி நின்னோம். எங்களுக்கும் ஒரிகனுக்கும் நடுவுல 40 மைல்தான், 1894லேர்ந்து ஆடுற ஆட்டம், இப்போ பிக் டென்ன்ற கான்ஃபரன்ஸுக்கு போயிட்ட அவங்களுக்கு பங்காளி யாருன்னா நியூஜெர்சில இருக்கற ரட்கர்ஸ்!

சரி கேள்விக்கு வரேன். எங்க வாட்ஸப் குரூப்ல ஒரு நண்பன் வாரத்துக்கு ஒண்ணு அனுப்புறான். ஃப்ளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் அடுத்த மாசம் பிக் டென்னுக்கு போறாங்க, ஃபுட்பால்ல எந்த கான்ஃபரன்ஸ்லயும் இல்லாத நோட்டர் டாம் கையெழுத்து போட்டாச்சு, பிக் டென் 24 டீம் ஆகுதுன்னு. கேட்டா "நெருப்பில்லாம புகையுமா"ன்றான். எனக்கோ ஒவ்வொரு தடவையும் வயித்த கலக்குது, ஏன்னா ஒரு தடவ நெஜமாவே நடந்துச்சே. எது நெஜம் எது கதைன்னு கண்டுபிடிக்க எதாவது வழி இருக்கா? ரொம்ப நாளா ஃபாலோ பண்றவங்க சொல்லுங்க.

ஆஸ்டின்_மாமா:

தம்பி, நான் 1990கள்லேர்ந்து டெக்சாஸ்ல இருக்கேன், சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் 1996ல மூடுனதயும் பாத்தேன், பிக் 12 பொறந்ததயும் பாத்தேன், அதுலேர்ந்து எங்க டெக்சாஸ் யுனிவர்சிட்டியே வெளில போனதயும் பாத்தேன். என் அனுபவத்துல ஒண்ணு சொல்றேன். யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னேன்னு சொல்லுவாங்கல்ல, இங்க அது அப்படியே உல்டா. மணி மட்டும் வருஷம் பூரா அடிச்சிட்டே இருக்கும், யானை வராது. நெஜமா யானை வரப்போ மணி கட்டியே இருக்காது.

பாரு, 2021 ஜூலை 21. எஸ்இசின்ற தெற்கத்தி கான்ஃபரன்ஸோட மீடியா டேஸ் (நிருபர்கள் சந்திப்பு) நடந்துட்டு இருக்கு, யாரும் எதிர்பாக்கல, ஹூஸ்டன் பேப்பர்ல டெக்சாசும் ஓக்லஹோமாவும் எஸ்இசிக்கு பேசிட்டு இருக்காங்கன்னு ஒரே ஒரு செய்தி. டெக்சாஸ் ஏ&எம் ஆளுங்க மூஞ்சிய நீ பாத்துருக்கணும், எஸ்இசில டெக்சாஸ்லேர்ந்து நாங்க மட்டும்தான்னு பெருமையா இருந்தவங்க. ஒன்பதே நாள்ல எல்லாம் முடிஞ்சுது. பேசுன பேச்செல்லாம் அதுக்கு பல மாசம் முன்னாடியே நாலு சுவத்துக்குள்ள முடிஞ்சுருக்கு. 2022 ஜூன் 30 லாஸ் ஏஞ்சலஸ் காலேஜுங்க யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் பாக்-12லேர்ந்து பிக் டென்னுக்கு போனது இன்னும் மோசம், காலைல செய்தி, ராத்திரிக்குள்ள அறிவிப்பு. அதுக்கு முன்னாடி வாரம் எந்த யூட்யூப் பண்டிதனாவது அத சொன்னானா? ஒருத்தன் கூட இல்ல. அவனுங்க எல்லாம் அப்போ நோட்டர் டாம பத்தி பேசிட்டு இருந்தானுங்க. நோட்டர் டாம் 1999லயே பிக் டென் கூப்பிட்டு வேண்டாம்னுட்டாங்க, அன்னிலேர்ந்து இன்னிவரைக்கும் அவங்க "இதோ கையெழுத்து போடப்போறாங்க"தான்.

ரகசியமா வச்சிருக்கறதுக்கு காரணம் இருக்கு தம்பி. முன்னாடியே வெளிய தெரிஞ்சா பழைய கான்ஃபரன்ஸ் கேஸ் போடும், சட்டசபை ஆளுங்க கத்துவாங்க, டீல் உடைஞ்சிரும். அதனால உண்மைல விஷயம் தெரிஞ்சவன் வாயே தொறக்க மாட்டான், வாய் தொறக்கறவனுக்கு விஷயம் தெரியாது.

டாலஹாஸி_வேல்:

மாமா சொன்னது கரெக்ட், ஆனா எங்க ஃப்ளோரிடா ஸ்டேட் கதைய நானே சொல்லிடறேன் ஏன்னா எல்லா வதந்திலயும் எங்க பேருதான் மொதல்ல இருக்கு, எங்க டீம் ஆடுறத விட நாங்க எங்க போறோம்ன்றதுக்குத்தான் இப்போ கூட்டம்.

2023ல 13 மேட்ச் ஆடி 13ம் ஜெயிச்சோம், சாம்பியன் யாருன்னு முடிவாகற ப்ளேஆஃப்ல எடுக்கல. அந்த எரிச்சல்ல அந்த டிசம்பர்லயே எங்க கான்ஃபரன்ஸ் ஏசிசி மேல கேஸ். அந்த கேஸ்ல நாங்களே சொன்ன கணக்கு, வெளில போகணும்னா 57 கோடியே 20 லட்சம் டாலர் ஆகும்னு. ஏன் அவ்ளோன்னா கிராண்ட் ஆஃப் ரைட்ஸ்னு ஒண்ணு இருக்கு. நம்ம ஹோம் மேட்ச டிவில காட்ற உரிமைய 2036 வரைக்கும் கான்ஃபரன்ஸுக்கு எழுதி குடுத்தாச்சு. நீ வீட்ட காலி பண்ணிட்டு போலாம், ஆனா நீ போற புது வீட்டு வாடகையும் பழைய ஓனருக்குத்தான் போகும்ன்ற மாதிரி. அப்படி ஒரு டீம எவன் சேத்துப்பான்?

2025 மார்ச்ல சமாதானம் ஆச்சு, எங்க கூட ஏசிசில இருக்கற கிளெம்சன் போட்ட கேசும் சேத்து. இப்போ இருக்கற ஏற்பாடு என்னன்னா எக்ஸிட் ஃபீ 16.5 கோடி டாலர்ல ஆரம்பிச்சு வருஷம் 1.8 கோடி கொறஞ்சிட்டே வந்து 2030-31ல 7.5 கோடில நிக்கும், அத கட்டுனா டிவி உரிமையையும் தூக்கிட்டு போயிடலாம். கூடவே பணம் பிரிக்கறதுலயும் யார் மேட்ச நெறைய பேர் பாக்குறாங்களோ அவங்களுக்கு கூடன்னு மாத்துனாங்க, அதுல எங்களுக்கு லாபம்தான்.

இப்போ நீயே யோசி பீவர், வருஷா வருஷம் வெல கொறையுதுன்னு போர்டு மாட்டி வச்ச கடைல எவனாவது மொத நாளே போய் முழு வெல குடுப்பானா? "அடுத்த மாசம்"னு எவனாவது சொன்னா அந்த ஒரு கணக்கு போதும் அவன் கதை விடுறான்னு தெரிஞ்சுக்க.

ஆஸ்டின்_மாமா:

ஆமா வேலு, இத இன்னும் கொஞ்சம் நீட்டி பாத்தா பிக் டென்னோட டிவி டீல் 2029-30 சீசனோட முடியுது (ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூணு பேரும் சேந்து ஏழு வருஷத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல), பிக் 12 டீல் 2030-31, ப்ளேஆஃப் டீல் 2031-32. எல்லா சீட்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல முதிருது. அதனால பெரிய ஆட்டம் நடக்கணும்னா அந்த ரெண்டு மூணு வருஷத்துலதான், அதுக்கு பேச்சு வார்த்தை ஒரு வருஷம் முன்னாடி சத்தமில்லாம ஆரம்பிக்கும். நடுவுல வர்றதெல்லாம் வாயில மெல்றதுக்கு அவல். நாங்களே வெளிய வர்றதுக்கு ஓக்லஹோமாவும் சேந்து 10 கோடி டாலர் கட்டித்தான் ஒரு வருஷம் முன்னாடி, 2024ல, எஸ்இசிக்கு போனோம். காலண்டரையும் செக் புக்கையும் பாரு, யூட்யூப்ப பாக்காத.

இதுக்கெல்லாம் மூலம் எதுன்னு கேட்டா 1984. ஓக்லஹோமா யுனிவர்சிட்டி போர்டு, காலேஜ் விளையாட்ட நடத்துற அமைப்பான என்சிஏஏ மேல போட்ட கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, டிவி உரிமைய என்சிஏஏ மட்டும் மொத்தமா கைல வச்சிக்க கூடாதுன்னு தீர்ப்பு. அன்னிக்கு தொறந்த கதவுதான், அதுலதான் எல்லாரும் இப்போ முண்டிட்டு இருக்காங்க.

பெர்க்லி_அம்மா:

நீங்க எல்லாரும் பணத்தயே பேசுறீங்க, நான் வேற சொல்றேன். என் பொண்ணு கேல்ல (பெர்க்லில இருக்கற கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி) படிக்கிறா. பசிபிக் கடல் பக்கத்துல இருக்கற காலேஜ் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்ல (அதான் ஏசிசி) இருக்கு, அந்த பேர சொல்றப்பவே சிரிப்பு வருது. கிழக்க மத்தியானம் 12 மணிக்கு மேட்ச் வச்சா இங்க காலைல 9, தோசைக்கல்ல அடுப்புல போட்டுட்டே கிக்ஆஃப் பாக்குறோம். ஃபுட்பால் பசங்களாவது சீசனுக்கு கொஞ்ச தடவைதான் பறக்கணும். வாலிபால், சாஃப்ட்பால் பொண்ணுங்கள நெனச்சு பாருங்க, அவங்களுக்கு மேட்ச் நெறைய, டிவி பணத்துல பெருசா அவங்க பேரால எதுவும் வரல, ஆனா ஃப்ளைட்ல ஹோம்வொர்க் பண்றது அவங்கதான்.

அதுலயும் கேலும் ஸ்டான்ஃபோர்டும் ஏசிசிக்குள்ள போனதே கிட்டத்தட்ட 30 சதவீத பங்குக்கு, ஏழு வருஷத்துக்கு அப்படி. டெக்சாஸ்ல இருக்கற எஸ்எம்யூ ஒம்பது வருஷம் டிவி பணமே வேண்டாம்னு சொல்லிட்டு உள்ள வந்தாங்க! பந்திக்கு முந்திக்கணும்னு சொல்லுவாங்க, இவங்க எலை மட்டும் போடுங்க சோறு அப்புறம் பாத்துக்கலாம்னு ஒக்காந்தாங்க. யுசிஎல்ஏ எங்கள விட்டுட்டு போனதுக்கு வருஷம் 1 கோடி டாலர் கேலுக்கு குடுக்கணும்னு ரெண்டு காலேஜுக்கும் மேல இருக்கற யுசி ரீஜென்ட்ஸ் போர்டு சொன்னாங்க, அத இங்க எல்லாரும் ஜீவனாம்சம்னுதான் கூப்பிடுறாங்க 😂

கொர்வாலிஸ் தம்பி, உங்க வருத்தம் எனக்கு புரியுது. எங்களுக்கு ஆகஸ்ட் மாசம் முழுக்க அதே வயித்து கலக்கம்தான், செப்டம்பர் 1 ஏசிசி எங்கள சேத்துக்கற வரைக்கும்.

கொர்வாலிஸ்_பீவர்:

ரொம்ப நன்றிக்கா. ஆனா எனக்கு ஒரு சந்தேகம் மாமா. 2023 ஆகஸ்ட் 4 காலைல பாக்-12 ப்ரெசிடென்ட்ஸ் எல்லாம் மீட்டிங் வச்சு ஆப்பிள் ஸ்ட்ரீமிங் டீல்ல கையெழுத்து போட போறாங்கன்னுதான் நெஜமான நிருபர்களே எழுதினாங்க. அன்னிக்கு சாயங்காலம் ஒரிகன், வாஷிங்டன் பிக் டென்னுக்கு, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா பிக் 12க்கு. அப்போ நல்ல நிருபரையும் நம்ப முடியாதா? அன்னிக்கு ஆபீஸ்ல ஒக்காந்து போன ரீஃப்ரெஷ் பண்ணிட்டே இருந்தேன், மேனேஜர் என்னாச்சு வீட்ல எதாவது பிரச்சனையான்னு கேட்டாரு. என்னன்னு சொல்றது அவர்கிட்ட.

ஆஸ்டின்_மாமா:

அவங்க எழுதினது தப்பில்ல தம்பி, அந்த காலைல அதுதான் உண்மை, மத்தியானம் மாறிடுச்சு. ஒரிகனும் வாஷிங்டனும் பிக் டென்ல மத்தவங்களுக்கு கெடைக்கறதுல பாதி மாதிரிதான் வாங்க ஒத்துக்கிட்டாங்க, ஆரம்பத்துல வருஷம் ஏறக்கொறைய 3 கோடி டாலர். ஆப்பிள் டீல்ல எத்தன பேர் சந்தா கட்டுவாங்கன்றத பொறுத்து ஏறி எறங்கும், இதுல கைல காசு, கூடவே டிவில முகம் தெரியும். கடைசி நிமிஷத்துல பயம்தான் முடிவெடுத்துச்சு.

ஒரு மணி மட்டும் ஓரளவுக்கு நம்பலாம். அரசாங்க யுனிவர்சிட்டி போர்டு மூடிட்டு முடிவெடுக்க முடியாது, அவசர கூட்டம் போட்டா முன்கூட்டியே நோட்டீஸ் ஒட்டணும். 2023 ஜூலைல கொலராடோ பிக் 12க்கு போனப்போ அப்படித்தான் முந்தின நாளே தெரிஞ்சுது. ஆனா யுஎஸ்சி, ஸ்டான்ஃபோர்ட் மாதிரி தனியார் இடத்துல அதுவும் கெடையாது. மிஞ்சிப்போனா ஒரு நாள் முன்னாடி தெரியும், அதுக்காக வருஷம் பூரா வயித்துல புளி கரைச்சிக்காத.

இன்னொண்ணு, எல்லாமே நஷ்டம்னும் சொல்ல மாட்டேன். 2011க்கு அப்புறம் நின்னு போன எங்க ஏ&எம் ஆட்டம் 2024 நவம்பர் 30 திரும்ப வந்துச்சு, அவங்க மைதானம் கைல் ஃபீல்ட்ல 17-7 ஜெயிச்சோம். என் பையனுக்கு அந்த பகை என்னன்னே தெரியாம வளந்தான், அன்னிக்குதான் புரிஞ்சுது அவனுக்கு. அதே சமயம் ஓக்லஹோமா ஸ்டேட் நண்பன் ஒருத்தன் இருக்கான், ஓக்லஹோமாவோட அவங்க ஆடுற பெட்லம் ஆட்டம் 2023ல 27-24 ஜெயிச்சதோட நின்னு போச்சு. கடைசி ஆட்டம் ஜெயிச்சிட்டோம்னு இன்னும் மார் தட்டிட்டு இருக்கான், கொஞ்சம் தண்ணி உள்ள போனா அழுவான்.

டாலஹாஸி_வேல்:

உங்க பாக்-12 செத்துடல ப்ரோ அதையும் சொல்லணும். 2026 ஜூலைலேர்ந்து பாய்சி ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், டெக்சாஸ் ஸ்டேட், நீங்க ரெண்டு பேர், மொத்தம் எட்டு, ஒரு கான்ஃபரன்ஸுக்கு வேண்டிய கொறஞ்சபட்ச கணக்கே எட்டுதான். பாஸ்கெட்பாலுக்கு கொன்சாகா வேற. பழைய பேரு, புது குடும்பம். எனக்கென்னவோ உங்க ஆட்டம்தான் இனிமே பாக்க நல்லா இருக்கும்னு தோணுது, பக்கத்து ஊர் பக்கத்து ஊரோட ஆடறது.

கொர்வாலிஸ்_பீவர்:

பாய்சிக்கு கார்லயே போயிடலாம்ன்றது உண்மைதான், அது ஒரு சந்தோஷம். ஆனா ஒரிகன ஜெயிச்ச மாதிரி வருமா ப்ரோ.

எழுதிட்டு இருக்கறப்பவே நண்பன் அடுத்தத அனுப்பிட்டான். ஃப்ளைட் ட்ராக்கர் ஸ்க்ரீன்ஷாட். டாலஹாஸிலேர்ந்து ஒரு சின்ன ப்ரைவேட் ஜெட் சிகாகோ பக்கம் போகுதாம், பிக் டென் ஆபீஸ் அங்கதான இருக்குன்னு ஆறு ஆச்சரியக்குறி.

டாலஹாஸி_வேல்:

யோவ், அது எவனாவது பணக்காரன் மச்சான் கல்யாணத்துக்கு போவான்யா. அவன்கிட்ட கேளு, 16.5 கோடிக்கு செக்க எந்த சீட்ல வச்சிருக்காங்கன்னு.