மேயோ 2022: காயப் பட்டியலும் கைநழுவிய சீசனும் (அனுபவப் பகிர்வு)

பச்சைசிவப்பு:

அயர்லாந்தின் சொந்த ஆட்டமான கேலிக் கால்பந்தில் ஒரு நல்ல அணி எப்படிச் சரிகிறது என்பதற்கு மேயோ கவுன்டி (மாவட்டம் போல) அணியின் 2022 சீசனைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது. ஆட்டங்களைத் தொடர்ந்து பார்த்தவர்கள், விளையாட்டுக் காயங்களைக் கையாளத் தெரிந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். கண்டதையும் தெரிந்ததையும் எழுதுங்கள். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்கோரில் முதல் எண் கோல், அடுத்தது பாயின்ட். ஒரு கோலுக்கு 3. எனவே 1-14 என்றால் 17.

முதலில் நடந்தது. 2021 ஆகஸ்டில் அரையிறுதியில் டப்ளினைக் கூடுதல் நேரத்தில் 0-17க்கு 0-14 என்று சாய்த்த அணி இது. தொடர்ந்து ஆறு வருடம் கோப்பையை வைத்திருந்த டப்ளின் அன்றுதான் விழுந்தது. அடுத்த மாதம் இறுதிப் போட்டியில் டைரோனிடம் 2-14க்கு 0-15 என்று தோல்வி. 1951க்குப் பிறகு அகில அயர்லாந்து சாம்பியனுக்கான சாம் மகுவையர் கோப்பை வராத கவுன்டி என்பதால், 2022ல் எதிர்பார்ப்பு கொஞ்சநஞ்சமில்லை.

சாம்பியன்ஷிப்புக்கு முன் நடக்கும் லீக்கில் முதல் டிவிஷன் இறுதிப் போட்டி வரை வந்தார்கள். ஏப்ரல் 3ஆம் தேதி குரோக் பார்க்கில் கெர்ரி 3-19, மேயோ 0-13. 15 புள்ளி வித்தியாசம். மூன்று வாரம் கழித்து காசில்பாரில் கன்னாக்ட் மாகாணக் காலிறுதி: கால்வே 1-14, மேயோ 0-16. ஒரே ஒரு புள்ளி. அதன்பின் மாகாணத்தில் தோற்றவர்களுக்கான தகுதிச் சுற்றில் மோனகனையும் கில்டேரையும் தாண்டி, ஜூன் 26ல் அகில அயர்லாந்து காலிறுதியில் மறுபடியும் கெர்ரி: 1-13க்கு 0-8. பயிற்சியாளர் ஜேம்ஸ் ஹோரன் அதோடு விலகினார்.

கடைசி ஆட்டத்தின் 0-8ஐத்தான் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். 70 நிமிடத்தில் எட்டே பாயின்ட். பின்வரிசை தாங்கியது, நடுக்களம் ஓடியது. பந்தை உள்ளே கொண்டுபோனால் அடிக்க ஆளில்லை. டாமி கான்ராய் ஜனவரியிலேயே சிகர்சன் கோப்பை ஆட்டத்தில், தன் பல்கலைக்கழக அணிக்காக ஆடும்போது ஏ.சி.எல். (முட்டிக்குள் இருக்கும் லிகமென்ட்) கிழிந்து வெளியே போய்விட்டார். கிலியன் ஓ'கானர் 2021 ஜூனில் கிளேருக்கு எதிரான ஆட்டத்தில் அக்கிலிஸ் (குதிகாலுக்கு மேலுள்ள தடித்த நார்) அறுந்து, நீண்ட சிகிச்சைக்குப் பிறகு திரும்பி வந்தவர். கோல் கம்பத்துக்கு அருகில் நின்று ஸ்கோர் செய்ய மேயோவிடம் இருந்ததே விரல்விட்டு எண்ணும் ஆட்கள்தான். அதில் இருவருக்கு இந்தக் கதி.

பிசியோமேசை:

இந்த இரண்டு காயங்களைப் பற்றி மட்டும் விளக்கமாக எழுதுகிறேன். "திரும்பி வந்துவிட்டார்", "குணமாகிவிட்டது" என்று பேசுவதில்தான் பெரும்பாலான குழப்பமே.

ஏ.சி.எல். முதலில். இந்த ஆட்டத்தில் அது கிழிவது பெரும்பாலும் யாரும் மோதாமலேயே நடக்கிறது. ஓடிவந்து ஒரு காலை ஊன்றித் திசை மாற்றும்போதோ, உயரத்தில் பந்தைப் பிடித்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்கும்போதோ முட்டி உள்பக்கம் மடங்கிவிடும். பாதம் தரையில் பதிந்திருக்க உடல் திரும்பிவிடும். அறுவை சிகிச்சையில் முட்டிச்சில்லுக்குக் கீழுள்ள தசைநாரிலிருந்தோ தொடையின் பின்தசை நாரிலிருந்தோ துண்டெடுத்துப் புது லிகமென்ட் வைக்கிறார்கள். வைத்த நார் பழைய லிகமென்ட் போல உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். ஆட்டக்காரருக்கோ நாலாவது, ஐந்தாவது மாதத்திலேயே கால் நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஆபத்து அங்கேதான். 9 மாதம் வரை திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுபடி கிழியும் வாய்ப்பை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறது. ஜனவரியோடு 9 மாதத்தைக் கூட்டினால் அக்டோபர். 2022ல் அகில அயர்லாந்து இறுதியே ஜூலை 24ல் முடிந்துவிட்டது. ஆகவே கான்ராய்க்கு அந்த சீசன் ஜனவரியிலேயே முடிந்தது. "கோடையில் வருவாரா" என்ற கேள்விக்கே இடமில்லை.

காலண்டர் மட்டும் போதாது. தொடை முன்தசையின் பலம் மற்ற காலில் இருப்பதில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும். ஒற்றைக்கால் தாவல்களிலும் அதே அளவு. தூரம் மட்டும் சமமாக வந்தால் ஏமாந்துவிடக் கூடாது. முட்டியைக் காப்பாற்றி இடுப்பாலும் கணுக்காலாலும் தாண்டிவிட முடியும். இறங்கும்போது முட்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

அக்கிலிஸ் வேறு மாதிரி. குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைக்காலை அழுத்தினால் பாதம் அசைய வேண்டும். அசையவில்லை என்றால் நார் அறுந்திருக்கிறது. அறுந்த நார் சற்று நீண்ட நிலையில் ஆறிவிட்டால் குதிகாலை உயர்த்தும் கடைசி ஓரிரு அங்குலத்தில் பலம் திரும்பாது. நடக்க, ஓட, ஃப்ரீ கிக் அடிக்க அது போதும். பந்து வரும்போது எதிராளியைவிட அரை அடி முன்னே பாயும் அந்த முதல் இரண்டு எட்டுக்குப் போதாது. உள்வரிசை ஃபார்வர்டின் பிழைப்பே அந்த இரண்டு எட்டில்தான். யாருடைய நார் எப்படி ஆறியது என்று வெளியிலிருந்து சொல்லக் கூடாது, அதனால் பொதுவாகவே சொல்கிறேன்: ஒற்றைக் காலில் 25 முறை குதிகாலை முழு உயரத்துக்குத் தூக்க முடிகிறதா, 25ஆவதும் முதலாவதும் ஒரே உயரமா என்பதே நான் நம்பும் சோதனை.

நாட்காட்டி:

2022 சீசனின் தேதிகளைக் கவனித்தீர்களா? கவுன்டி ஆட்டங்களை முதலில் முடித்துவிட்டு கிளப் ஆட்டங்களைப் பிறகு வைக்கும் புது ஏற்பாட்டின் முதல் வருடம். ஜனவரி கடைசியில் லீக் தொடக்கம், 7 சுற்று, மார்ச் கடைசியில் முடிவு, அடுத்த ஞாயிறே இறுதி. அதற்குப் பின் 21 நாளில் சாம்பியன்ஷிப். லீக் இறுதிக்குப் போகாத அணிக்கு அந்த ஒரு வாரம் கூடுதலாகக் கிடைக்கும். காயத்திலிருந்து மீண்டுவரும் ஆட்டக்காரருக்கு ஒரு வாரம் என்பது பெரிய விஷயம்.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காசில்பாரில் உள்ள மேயோவின் சொந்த மைதானமான மெக்ஹேல் பார்க்கில் அப்போது தரையைப் புதுப்பிக்கும் வேலை நடந்ததால் லீக்கின் "சொந்த மைதான" ஆட்டங்களையும் ஸ்லைகோ, ராஸ்காமன் என்று வெளியூரில்தான் ஆடினார்கள். இவர்கள் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்கள் இல்லை. ஆசிரியர், பொறியாளர், மாணவர் என்று வார நாளில் வேலை. டப்ளினில் வேலை பார்ப்பவருக்கு காசில்பார் ஏறக்குறைய 240 கிலோமீட்டர். மாலை வேலை முடித்து, மூன்று மணி நேரம் காரில் மடங்கி உட்கார்ந்து வந்து, இறங்கியதும் முழு வேகத்தில் ஓடச் சொன்னால் தொடை பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்?

மாணவர்களுக்கு இதைவிட மோசம். கவுன்டி, பல்கலைக்கழகம், சிலருக்கு 20 வயதுக்குட்பட்டோர் அணி எனப் பல பயிற்சியாளர்கள். ஒவ்வொருவரும் தன் பயிற்சியை மட்டும் கணக்கில் வைக்கிறார். மொத்தத்தைக் கூட்டிப் பார்க்க யாருமில்லை. ஒரே தாளில் எல்லா ஆட்டமும் பயிற்சியும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் 10க்கு எத்தனை கடினம் என்று ஆட்டக்காரரே மதிப்பெண் போட்டு, அதை நிமிடத்தால் பெருக்கினால் வாரச் சுமை கிடைக்கும். 60 நிமிடப் பயிற்சிக்கு 7 என்றால் 420. இந்த வாரக் கூட்டுத்தொகை கடந்த நான்கு வார சராசரியைவிடத் திடீரென்று எகிறினால் குறைக்க வேண்டும். செலவே இல்லாத வேலை. ஜிபிஎஸ் பனியன் இல்லாத கிளப்பும் செய்யலாம்.

பிசியோமேசை:

தொடை என்று நாட்காட்டி சொன்னதால் அதையும் எழுதிவிடுகிறேன். கேலிக் கால்பந்தில் அதிகம் வரும் காயம் ஹாம்ஸ்ட்ரிங் (தொடையின் பின்தசை) காயம்தான். மொத்தக் காயங்களில் முக்கால்வாசி இடுப்புக்குக் கீழே, அதில் முதலிடம் இதற்கு.

ஏன் இந்த ஆட்டத்தில் இவ்வளவு? ஆண்கள் ஆட்டத்தில் தரையில் கிடக்கும் பந்தைக் கையால் நேரடியாக எடுக்க முடியாது, கால்விரலை அடியில் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். வேகமாக ஓடிவருபவர் அப்படியே இடுப்பை மடித்துக் குனிகிறார், முன்கால் நீண்டிருக்கிறது. பின்தசை மேலே இடுப்பிலும் கீழே முட்டியிலும் ஒரே சமயத்தில் இழுபடுகிறது. அந்த நொடியில் தோளால் ஒரு இடி வாங்கினால் போதும். மற்றபடி முழு வேக ஓட்டத்தில், முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு கிழிவதுதான் வழக்கம். உதைக்கும் காலில் தொடையின் முன்தசையும் கவட்டையும் தனிக் கதை. தூரத்து ஃப்ரீ கிக் பயிற்சியை ஒரே நாளில் கொட்டித் தீர்த்தால் அவை போகும்.

தடுக்க இரண்டு விஷயம். ஒன்று நோர்டிக் பயிற்சி. முட்டி போட்டு நிற்க, கூட்டாளி கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடலை நேராக வைத்தபடி மெதுவாக முன்னே சாய வேண்டும். முதல் வாரம் ஒரே நாள், 5 முறை கொண்ட 2 சுற்று. அடுத்த வாரம் இரண்டு நாள், 6 முறை கொண்ட 2 சுற்று. நாலாவது வாரத்துக்குள் மூன்று நாள், 8 முதல் 10 வரை 3 சுற்று. சீசன் தொடங்கிய பின் வாரம் ஒரு முறை போதும். பயிற்சி முடிந்த பிறகு செய்யுங்கள், ஆட்டத்துக்கு முந்தைய இரண்டு நாளில் தொடவே வேண்டாம். ஒழுங்காகச் செய்யும் அணிகளில் ஹாம்ஸ்ட்ரிங் காயம் ஏறக்குறையப் பாதியாகிறது. ஆனால் பலர் முதல் வாரமே 3 சுற்று போட்டு, மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் தவித்து, "இது நமக்கு ஆகாது" என்று விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது, முழு வேகம். காயத்துக்குப் பயந்து பயிற்சியில் 80 சதவீதத்தில் ஓடவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் 100 கேட்டால் தசை தாங்காது. வாரம் ஒரு முறையாவது அவரவர் உச்ச வேகத்தில் 95 சதவீதத்தைத் தொட வேண்டும். நல்ல சூடேற்றத்துக்குப் பின், 30 மீட்டர் ஓட்டம் நாலைந்து, இடையில் முழு ஓய்வு. கேலிக் கால்பந்து வீரர்களிடமே நடத்திய ஆய்வு இதைத்தான் காட்டியது: நல்ல அடித்தளச் சுமையோடு உச்ச வேகத்தை அடிக்கடி தொட்டவர்களுக்குக் காயம் குறைவு.

புதுமுகம்:

ஒரு சந்தேகம் அண்ணா. ஆட்ட நாளுக்கு 26 பேர், களத்தில் 15, மாற்று 5 பேர். பட்டியலில் அதற்கு மேலும் ஆள் இருக்கிறார்களே, நாலைந்து பேர் காயமானால் அணிக்கு அவ்வளவு பாதிப்பா?

பச்சைசிவப்பு:

தம்பி, ஆட்ட நாளைவிட செவ்வாய், வியாழன் பயிற்சியில்தான் அடி விழும். 15க்கு 15 வைத்து உள் ஆட்டம் ஆட 30 பேர் வேண்டும். பத்துப் பேர் ஓரத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தால் 12க்கு 12கூட ஒழுங்காக அமையாது. மைதானமோ 130 முதல் 145 மீட்டர் நீளம், 80 முதல் 90 மீட்டர் அகலம். அதே தரையில் ஆள் குறைந்தால் நலமாக இருப்பவர் ஒவ்வொருவரும் அதிகம் ஓடுவார், அடுத்த காயம் அங்கிருந்து வரும். தீர்வு எளிது: ஆள் குறைந்தால் களத்தையும் கோன் வைத்துக் குறைக்க வேண்டும், நேரத்தையும் குறைக்க வேண்டும். செய்யாததற்குக் காரணம், "நாம் பின்தங்கிவிட்டோம்" என்ற பதற்றம்.

அடுத்த கேடு, யார் எங்கே ஓடுவார் என்ற பழக்கம் போய்விடுவது. நடுக்களத்திலிருந்து பந்தை அடிப்பவர் தலையைத் தூக்காமலே இன்னார் இடப்பக்கம் வெட்டுவார் என்று தெரிந்து அடிப்பார். அந்த இன்னார் மாறிக்கொண்டே இருந்தால் அவர் ஒரு நொடி நிறுத்திப் பார்ப்பார். அந்த நொடியில் கெர்ரியின் பின்வரிசை 12 பேரோடு திரும்பியிருக்கும். 0-8ன் பாதி விளக்கம் இது.

நாட்காட்டி:

ஒரு மறுப்பு. எல்லாவற்றையும் காயத்தின் தலையில் கட்டிவிட வேண்டாம். கால்வேயிடம் தோற்றது ஒரு புள்ளியில், அந்த கால்வேதான் இறுதிப் போட்டி வரை போய் கெர்ரியிடம் 0-20க்கு 0-16 என்று தோற்றது. மோசமான அணியிடம் மேயோ தோற்கவே இல்லை. தவிர, ஏப்ரல் 24க்கும் ஜூன் 4க்கும் நடுவில் ஆறு வாரம் ஆட்டமே கிடையாது. ஓய்வுக்கு அது வசதி, ஆட்டக் கூர்மைக்குக் கெடுதல். மோனகனை 1-13க்கு 0-12 என்று வென்றதும் வசதியான வெற்றியில்லை.

என் வருத்தம் வேறு. மாற்று ஃபார்வர்டுகளை லீக்கிலேயே தொடர்ந்து ஆடவிட்டுப் பழக்கியிருக்க வேண்டும். கான்ராய் வரமாட்டார் என்பது பிப்ரவரியிலேயே தெரிந்த செய்தி. இறுதிப் போட்டிக்குப் போகும் ஆசையில் ஒவ்வொரு லீக் ஆட்டத்தையும் வெல்லத் துரத்தினால் சோதித்துப் பார்க்க இடமிருக்காது.

பச்சைசிவப்பு:

அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முதல் டிவிஷனில் ஒரு ஆட்டத்தை விட்டால் கீழே இறங்கும் பயம் எந்தப் பயிற்சியாளருக்கும் இருக்கும். 2020ல் இறங்கி, 2021ல் இரண்டாவது டிவிஷனில் ஆடிவிட்டு வந்த அணி இது.

பிசியோமேசை:

நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. ஆட்டத்துக்கு முன் அறிவிக்கும் பட்டியலை நம்பி உட்காராதீர்கள். 1 முதல் 15 வரையுள்ள பனியன்கள்தான் தொடங்க வேண்டும், ஆனால் கடைசி நேரத்தில் 20க்கு மேற்பட்ட எண்ணோடு ஒருவர் களமிறங்குவது சர்வசாதாரணம். சூடேற்றத்தின்போது இறுதி ஐந்து நிமிடத்தைப் பாருங்கள். தொடைக் காயத்திலிருந்து வருபவர் நேர் ஓட்டத்தில் நன்றாகவே தெரிவார். வேகத்தைக் குறைத்து நிற்கும்போது கூடுதலாக நாலு எட்டு எடுக்கிறாரா, குனிந்து பந்தெடுக்கும்போது முட்டியை மடித்துக்கொள்கிறாரா என்று கவனியுங்கள். இரண்டும் இருந்தால் 50ஆவது நிமிடத்துக்கு மேல் அவரை எதிர்பார்க்க வேண்டாம்.