எரிமலை உப்புவதற்கு ஒரு சொல்: திங்கட்கிழமைக்குள் வேண்டும்

கண்டனூரிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு சிறு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். செயற்கைக்கோள்கள் எரிமலைகளைக் கண்காணித்து ஆட்களை முன்கூட்டி வெளியேற்ற எப்படி உதவுகின்றன என்பது பற்றியது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசார் என்ற இந்திய-அமெரிக்க ரேடார் செயற்கைக்கோள் கிளம்பியதிலிருந்து பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும்.

ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். மலைக்கு அடியில் பாறைக்குழம்பு சேரச் சேர மேலே நிலம் சில சென்டிமீட்டர் உயர்கிறது. குழம்பு வெளியேறினாலோ வேறு பக்கம் ஒதுங்கினாலோ தாழ்கிறது. இரண்டுக்கும் ஆளுக்கொரு சொல் வேண்டும். 'வீக்கம்' என்று எழுதினேன். உடன் வேலை பார்க்கும் ஆசிரியை படித்துவிட்டு, பணவீக்கம்தான் ஞாபகம் வருகிறது என்கிறார்.

காரைக்குடியிலிருந்து:

சொல் தேடுமுன் ரேடார் எதை அளக்கிறது என்று பார்த்துவிடுவோம், டீச்சர். செயற்கைக்கோள் ஓர் அலையை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்புவதை வாங்கிக்கொள்கிறது. பன்னிரண்டு நாள் கழித்து அதே இடத்துக்கு மேலே வந்து மறுபடி செய்கிறது. இரண்டையும் ஒப்பிட்டால், நிலம் அசைந்த இடத்தில் வானவில் போல வளையங்கள் விழும். ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் கோளின் அலைநீளம் சுமார் 5.6 செ.மீ. அலை போய்த் திரும்புவதால் ஒரு வளையத்துக்கு அதில் பாதி, 2.8 செ.மீ. வளையத்தை எண்ணிப் பெருக்கினால் நிலம் எவ்வளவு அசைந்தது என்று தெரிந்துவிடும். நிசாரின் நீண்ட அலை 24 செ.மீ., ஒரு வளையம் 12. நுணுக்கம் குறைவுதான். ஆனால் இலைதழையை ஊடுருவிப் போகும், காடு மூடிய இந்தோனேசிய மலைகளுக்கு அதுதான் உதவும்.

ஒன்றைக் கவனியுங்கள். கோள் சாய்வாகப் பார்க்கிறது. நிலம் தன்னை நெருங்கியதா, விலகியதா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். பக்கவாட்டில் நகர்ந்தாலும் வளையம் விழும். அதனால் 'எழுச்சி', 'மேலெழும்பல்' வேண்டாம்.

தேவகோட்டையிலிருந்து:

விம்மல். இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. விம்முதல் என்றால் பருத்தல், உள்ளிருந்து நிறைதல். அழுகை என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது. பொருமுதலும் அப்படித்தான்: முதலில் உப்புதல், பிறகு உள்ளுக்குள் குமைதல். உள்ளே அடைபட்டது வெளியே தெரியாமல் நெஞ்சை உயர்த்துவதைச் சொல்ல நம் மொழி உடம்பின் சொல்லையே எடுத்துக்கொண்டிருக்கிறது. மலைக்கும் அதுவே நடக்கிறது. நிலவிம்மல், நிலத்தணிவு என்று எழுதுங்கள். 'புடைப்பு' என்று யாராவது சொல்லுமுன் சொல்லிவிடுகிறேன்: புடைப்புச் சிற்பம் செதுக்கிய நிலையிலேயே நிற்பது, இதுவோ நாளுக்கு நாள் மாறுவது.

புதுவயலிலிருந்து:

ஐயா, மன்னிக்க வேண்டும். வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை, "மலை ஏன் டீச்சர் அழுவுது?" என்றாள். வேர் எதுவாக இருந்தாலும் இன்றைக்கு அந்தச் சொல் அழுகையில்தான் இருக்கிறது.

உப்பல் என்று வைத்தால் என்ன? வெள்ளைப் பணியாரம் எண்ணெயில் விழுந்ததும் நடு உப்பி வருவதை இந்த ஊரில் பார்க்காத பிள்ளை கிடையாது. எடுத்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் அமுங்கிவிடும். உப்பல், அமுங்கல். ஏற்றமும் இறக்கமும் ஒரே சட்டியில் கிடைத்துவிடுகின்றன.

தேவகோட்டையிலிருந்து:

நிலம் + உப்பல் என்பதைப் புணர்த்திப் பார்த்தீர்களா, அம்மா? மகரம் கெட்டு வகர உடம்படுமெய் வந்து 'நிலவுப்பல்' ஆகும். நிலவுக்குப் பல் முளைத்ததாக வாசிப்பார்கள். வினைத்தொகையாக 'உப்புநிலம்' என்றாலோ உப்பளம்தான் நினைவுக்கு வரும். எளிமை வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் இன்று புரியவில்லை என்பதற்காக ஒரு சொல்லின் பழைய பொருளை நாமே கைவிட்டால், அதை யார் மீட்பது? 'பேருந்து' வந்தபோதும் புரியாது என்றுதான் சொன்னார்கள்.

கானாடுகாத்தானிலிருந்து:

கொத்தனார்களோடு நாற்பது வருஷம் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். வளவுச் சுவரில் ஈரம் ஏறினால் சுண்ணாம்புப் பூச்சு செங்கல்லை விட்டு விலகி முன்னால் வரும். கண்ணுக்குத் தெரியாது. கொத்தனார் விரல் மூட்டால் தட்டிக்கொண்டே போவார். ஓர் இடத்தில் சத்தம் வெற்றாகக் கேட்கும். "இங்கன உப்பியிருக்கு" என்பார். செயற்கைக்கோள் செய்வதும் அந்தத் தட்டிப் பார்க்கிற வேலைதான் என்று தம்பி எழுதியதைப் படித்தபோது பட்டது.

சுண்ணாம்பு என்றதும் இன்னொன்று. இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கத்தில் பொட்சுவோலி என்று ஓர் ஊர், ஒரு பெரிய எரிமலை வாய்க்குள்ளேயே இருக்கிறது. அந்த ஊர்ச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்துதான் ரோமானியர்கள் தண்ணீருக்குள்ளும் இறுகும் கலவை செய்தார்கள். ஊர்ப் பெயரிலிருந்துதான் 'பொசலானா' என்ற சொல். இன்று நாம் வாங்கும் பி.பி.சி. (போர்ட்லாண்ட் பொசலானா சிமெண்ட்) மூட்டையில் நடு எழுத்து அதுதான். உள்ளே இருப்பது பெரும்பாலும் அனல்மின் நிலையச் சாம்பல், பெயர் மட்டும் அந்த ஊருடையது. அங்கே பழைய சந்தைக் கட்டடத்தின் மூன்று பளிங்குத் தூண்களில் ஆள் உயரத்துக்கு மேலே கடல் சிப்பிகள் துளைத்த ஓட்டைகள் இருக்கின்றன. தரை கடலுக்குள் இறங்கித் திரும்ப ஏறியதற்கு அதுவே சாட்சி. 1982 முதல் 1984 வரை மட்டும் அந்த ஊர் ஒன்றே முக்கால் மீட்டருக்கு மேல் உயர்ந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் காலி செய்ய வைத்தார்கள். எரிமலை வெடிக்கவில்லை.

காரைக்குடியிலிருந்து:

அண்ணே சொன்ன கடைசி வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பொலிவியாவில் உத்துருங்கு என்ற மலை ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வீதம் பல பத்தாண்டுகளாக உயர்ந்திருக்கிறது. அது கடைசியாக வெடித்து இரண்டரை லட்சம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. பாலியில் ஆகுங் மலையின் வடசரிவு 2017இல் எட்டுப் பத்து சென்டிமீட்டர் உயர்ந்தது, சுமார் 1,40,000 பேர் வெளியேறினார்கள். அக்டோபர் இறுதியில் எச்சரிக்கையைக் குறைத்தார்கள், நவம்பரில் வெடித்தது. ஆக, உயர்ந்தால் வெடிக்கும் என்றும் இல்லை, தணிந்துவிட்டது என்று இருந்துவிடவும் முடியாது. 'பொருமல்', 'விம்மல்' இரண்டிலும் 'இனி வெடிக்கும்' என்ற எதிர்பார்ப்பு ஒட்டிக்கொண்டு வருகிறது. மலையடிவாரத்தில் இருப்பவனைப் பொய்யாகப் பயமுறுத்தாத சொல் வேண்டும். இரண்டு முறை பயந்து ஓடி வீடு திரும்பியவன் மூன்றாவது முறை நகர மாட்டான்.

உயர்வு ஒன்றை மட்டும் பார்த்து யாரும் முடிவெடுப்பதில்லை என்பதையும் எழுதிவிடுங்கள். 2010இல் ஜாவாவின் மெராப்பியில், உச்சியில் குழம்பு மேடு எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று ரேடார் படங்கள் காட்டின. நிலநடுக்கமும் கந்தக வாயு அளவும் சேர்ந்துதான் வெளியேற்ற வட்டத்தைப் பெரிதாக்க வைத்தன. ஏறத்தாழ 400 பேர் இறந்தார்கள். ஆனால் 10,000 முதல் 20,000 உயிர்கள் தப்பியதாக அங்குள்ள எரிமலையியலாளர்களே கணக்கிட்டிருக்கிறார்கள்.

கண்டனூரிலிருந்து:

ஞாயிறு இரவு பதினொன்று ஆகிவிட்டது. நிலம் என்றால்தானே நிலவுப்பல்? 'தரையுப்பல்' என்றால் இடிக்கவில்லை. எதிர்ச்சொல் 'தரையமுங்கல்'. ரேடார் படத்தில் விழும் வளையத்துக்கு வேறு சொல் தேட வேண்டாம், வளையமே போதும். எதிர்ப்பு இருந்தால் காலை எட்டு மணிக்குள் எழுதுங்கள்.

புதுவயலிலிருந்து:

சரி.

கானாடுகாத்தானிலிருந்து:

தரை உப்பினால் இங்கே ஆத்தங்குடிக் கல் பெயர்ந்து நிற்கிறது என்றுதான் நினைப்பார்கள். பரவாயில்லை, அதுவும் அடியிலிருந்து வருவதுதான். எனக்குச் சம்மதம்.

காரைக்குடியிலிருந்து:

ஆமோதிக்கிறேன். 'வீக்கம்' என்றே விட்டிருந்தாலும் எனக்கு மறுப்பு இருந்திருக்காது.

தேவகோட்டையிலிருந்து:

பெரும்பான்மைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் உடன்படவும் இல்லை. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் சொற்பட்டியல் வருமென்றால், தரையுப்பலுக்கு எதிரே 'விம்மல்' என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், அம்மா. அந்த மூன்றாவது பெஞ்சுப் பிள்ளையிடம், மலை அழவில்லை, விம்முதல் என்றால் முதலில் பருத்தல்தான் என்று நானே வந்து சொல்கிறேன். புதுவயல் அம்மா, புதன்கிழமை உங்கள் பள்ளி உண்டா?