மட்கிய கோழி எருவை பாய்லரில் எரித்து குஞ்சு ஷெட்டுக்குச் சூடு ஏற்றலாமா?

பல்லடம் பண்ணை:
5,000 கறிக்கோழிக் குஞ்சு இறங்கும் ஷெட். மார்கழி, தையில் புரூடிங்குக்கு (இளங்குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்க) கேஸ் செலவு கட்டுப்படியாகவில்லை. பேட்ச் முடிந்து அள்ளும் எருவைக் (தேங்காய் நார்த்தூள் படுக்கை) குவித்து மட்க வைக்கிறோம். அதை விறகு பாய்லரில் போட்டு வெந்நீர்ச் சூடு எடுக்க முடியுமா?

ஈரோடு எரிசக்தி:
மட்க வைத்துவிட்டு எரிக்காதீங்க. குவியல் 60 டிகிரிக்குச் சூடாவதே எருவிலுள்ள கரிமத்தை நுண்ணுயிர்கள் தின்பதால்தான். பாய்லருக்கு வரவேண்டிய சூடு அங்கேயே போய்விடுகிறது. மிஞ்சுவதில் சாம்பல் பங்குதான் கூடும். ஷெட்டிலிருந்து எடுத்த எருவை நேராகக் காயவைத்து எரிக்கணும்.

எல்லாம் ஈரத்தைப் பொறுத்தது. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே சுமார் 600 கிலோகலோரி போகும். 25% ஈரமுள்ள எரு கிலோவுக்கு ஏறக்குறைய 2,300 கிலோகலோரி தரும். 50% ஈரமானால் 1,300 சொச்சம், அதுவும் புகைந்துகொண்டே. பாய்லர் திறன் 65% என்று வைத்தால், 19 கிலோ கேஸ் சிலிண்டருக்கு ஈடாகக் காய்ந்த எரு 140 கிலோ வேண்டும்.

சிமெண்ட் களத்தில் இரண்டு அங்குல கனத்துக்குப் பரப்பி, மேலே பாலிதீன் கூரை போட்டு, தினம் இரண்டு முறை கிளறுங்க. பிடித்துப் பார்த்தால் கட்டி நிற்காமல் உதிரணும். களம் குஞ்சு ஷெட்டை ஒட்டி இருக்கவே கூடாது. பழைய பேட்ச் நோய்க்கிருமி தூசியோடு வந்துவிடும்.

பல்லடம் பண்ணை:
காயவைக்க இடம் இருக்குங்க. சாதாரண விறகு பாய்லர் தாங்குமா?

பாய்லர் ஃபிட்டர்:
எருவை மட்டும் போட்டால் தாங்காது. விறகில் சாம்பல் 1–3%. கோழி எருவில் 15–25%, மண் தரையைச் சுரண்டி அள்ளினால் இன்னும் ஏறும். பொட்டாசியமும் குளோரினும் அதிகம், நார்த்தூளில் உப்பும் சேரும். அதனால் சாம்பல் சீக்கிரம் இளகி, கிரேட்டில் (எரிபொருள் தாங்கும் கம்பித் தட்டில்) கிளிங்கராக, அதாவது கல் போன்ற கட்டியாக இறுகிக் காற்று வழியை அடைக்கும். ஆவியாகும் உப்பு டியூபில் படிந்து இரும்பை அரிக்கும்.

எடையில் கால் பங்கு எரு, மீதி சீமைக்கருவேல விறகு என்று ஆரம்பிங்க. அடிக்காற்றைக் குறைத்து மேல்காற்றைக் கூட்டினால் கிரேட்டின் மேல் எரியும் அடுக்கு அளவுக்கு மீறிச் சூடாகாது, புகையும் மேலே எரிந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் பண்ணைகளில் கோழி எரு எரிக்க 2014-இல் கொடுத்த அனுமதியில், புகை 850 டிகிரியில் 2 விநாடி நிற்கணும் என்பது நிபந்தனை. சின்ன அடுப்பில் அது கிடைக்காது. செங்கல் உள்சுவர் வைத்த எரியறை வேணும்.

பாய்லருக்குத் திரும்பும் தண்ணீர் 60 டிகிரிக்குக் கீழே இறங்க விடாதீங்க. இறங்கினால் புகையிலுள்ள ஈரம் டியூபில் அமிலமாக வியர்க்கும். டியூபை வாரம் ஒருமுறையாவது பிரஷ் போடணும். புகை எந்த வழியிலும் ஷெட்டுக்குள் வரக் கூடாது. ரேடியேட்டரும் ஃபேனும் வைத்து சூடான காற்று மட்டும் அனுப்புங்க.

இதில் கேஸ் புரூடருக்கு இல்லாத நன்மை ஒன்று உண்டு. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி ஷெட்டிலேயே தங்கும். வெந்நீர்ச் சூட்டில் அது இல்லை. ஷெட்டின் நார்த்தூள் படுக்கை காய்ந்தே இருக்கும், அம்மோனியா குறையும், அடுத்த பேட்ச் எருவும் எரிக்க ஏற்றதாக வரும்.

ஈரோடு எரிசக்தி:
விலையையும் பாருங்க. எரித்தால் எருவின் தழைச்சத்து முழுக்கப் போய்விடும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும்தான் மிஞ்சும். எரு நல்ல விலைக்குப் போகிற ஊரில் விற்றுவிட்டு விறகு வாங்குவதே லாபம். சாம்பலைத் தென்னைக்குப் போடலாம். யூரியா, அம்மோனியம் சல்பேட்டோடு கலக்காதீங்க, காரம் பட்டு அம்மோனியாவாகப் பறந்துவிடும்.