மறு: ‘விசிறித் தாமதம்’ சரியான சொல்லா?

வணக்கம்.

கார் எஞ்சினைக் குளிர்விக்கும் மின்விசிறி உரிய சூட்டில் சுற்றாமல் பிந்திச் சுற்றும் பழுதை ‘விசிறித் தாமதம்’ என்று எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பது என் கருத்து. தாமதம் என்றாலே கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றும். இங்கே சிக்கல் சூட்டில்தான். 98 டிகிரி செல்சியஸில் சுற்ற வேண்டிய விசிறி 108 வரை சும்மா நிற்கிறது. அந்த 108 பத்து நிமிடத்தில் வந்தாலும் அரை மணியில் வந்தாலும் பழுது அதேதான்.

ஆகவே விசிறி சுற்றத் தொடங்கும் வெப்பநிலைக்கு ‘எழுசூடு’, நிற்கும் வெப்பநிலைக்கு ‘அமர்சூடு’. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, அவ்வளவுதான். எழுசூட்டுக்குப் பதிலாக முந்தைய மடலில் வந்த ‘எழுநிலை’யைப் படித்ததும் எனக்கு ஏழடுக்கு மாடம்தான் நினைவுக்கு வந்தது! வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்று இயற்பியல்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். ‘வண்டி என்ன சூட்டில் ஓடுகிறது’ என்று கேட்டால் எல்லாருக்கும் புரிகிறது.

ஆனால் இந்த இரண்டு சொல் மட்டும் போதாது. ‘எழுசூடு ஏறிவிட்டது’ என்று எழுதினால், யார் அளந்த சூடு என்ற கேள்வி வரும். எஞ்சின் கணினிக்குத் தெரிவது உணரி (சென்சார்) சொல்லும் சூடு மட்டுமே. அதைக் ‘காட்டுசூடு’ என்றும், எஞ்சினைக் குளிர்விக்க ஓடும் திரவமான கூலன்ட்டின் உண்மையான சூட்டை ‘மெய்ச்சூடு’ என்றும் பிரித்தால் பழுது பார்ப்பதே எளிதாகிவிடும்.

எஞ்சின் கணினி படிப்பதைத் திரையில் காட்டும் ஸ்கேனரை மாட்டுங்கள். உணரி பொருத்தியிருக்கும் உலோகத்தின் மேல் அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டுங்கள். ஸ்கேனரில் 92, உலோகத்தில் 106 என்றால் காட்டுசூடு பொய். இந்த உணரியில் சூடு ஏற ஏற மின்தடை இறங்கும். உணரியின் கம்பி இணையும் கனெக்டர் முனையில் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் தடை கூடும், கணினியோ எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். கூலன்ட் குறைந்து உணரியின் முனை காற்றுக்குமிழியில் நின்றாலும் இதே கதைதான்.

ஸ்கேனரே 108 காட்டியும் விசிறி அசையவில்லையா? அப்போது உணரியை விட்டுவிட்டு ரிலே (விசிறிக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்), ஃபியூஸ், மோட்டார் என்று போக வேண்டும். பெரும்பாலான கார்களில் ஏசியைப் போட்டாலே விசிறி சுற்றும். சுற்றினால் மோட்டாரைப் பற்றிய சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது.

பழைய வண்டிகளில் கணினி கிடையாது, விசிறியை இயக்க ரேடியேட்டரிலேயே ஒரு வெப்ப சுவிட்ச் இருக்கும். ரேடியேட்டர் வழியாகக் கூலன்ட் ஓட வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கிக்கொண்டால் எஞ்சின் கொதிக்கும், ரேடியேட்டரின் கீழ்க்குழாய் தொட்டால் சில்லென்று இருக்கும். அங்கே சுவிட்சின் எழுசூட்டில் குறையே இல்லை, அது இருக்கும் இடத்துக்குச் சூடு வந்து சேரவில்லை. இதைப் போய் ‘விசிறித் தாமதம்’ என்று எழுதினால் படிப்பவர் நல்ல சுவிட்சைக் கழற்றி எறிவார்.

அப்புறம், தெர்மோஸ்டாட் திறக்கும் வெப்பநிலைக்கும் ஒரு சொல் தேவை. இதே வாய்பாட்டில் ‘திறசூடு’ என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை. எழுசூட்டுக்கும் அமர்சூட்டுக்கும் நடுவே விடும் சில டிகிரி இடைவெளிக்கு ‘இடைச்சூடு’ பொருந்துமா என்றும் தெரியவில்லை. இந்த இரண்டுக்கும் யோசனை இருந்தால் எழுதுங்கள்.