"அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், சிஸ்டர்"

செவிலியர், தஞ்சாவூர்:
கணையப் புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவிவிட்டதாக ஸ்கேன் அறிக்கை வந்த அன்று, "அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், சிஸ்டர், தெரிந்தால் மனம் விட்டுவிடுவார்" என்று மகன் எங்களை வராந்தாவிலேயே நிறுத்திக் கேட்டுக்கொண்டார். இந்த வேண்டுகோளைக் கேட்டிராத வார்டு நம் ஊரில் இருக்காது. உள்ளே பெரியவரோ மருந்துக் கடைப் பில்லை மடித்து மடித்து விரல் அகலத்துக்குக் கொண்டுவந்திருந்தார். மகனை டீ வாங்க அனுப்பிவிட்டு, "தை அறுப்புக்கு நான் இருப்பேனா?" என்று மருத்துவரிடம் கேட்டார். மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, "அதற்குள் எதையெல்லாம் முடித்துவிட வேண்டும் என்று நினைக்கிறீர்கள், ஐயா?" என்றார். நிலத்தைக் கடைசி மகள் பெயருக்கு எழுதுவது, தொண்டையில் குழாய் போடாமல் தம்மை வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுபோய்விடுவது என்று பெரியவர் தயாராக வைத்திருந்த பதிலைக் கேட்டபோது, அறிக்கை வருவதற்கு முன்பே அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று தோன்றியது. டீ டம்ளருடன் கதவருகே நின்ற மகன் எதுவரை கேட்டார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

மகள், திருநெல்வேலி:
மேலே மகனைக் கூண்டில் ஏற்றியதுபோல் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. என் அம்மாவிடம், புறநோயாளிகள் பிரிவில், அடுத்த டோக்கன்காரர் தோளை உரசிக்கொண்டு நிற்கும்போது, "நாலாவது ஸ்டேஜ், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று கணினித் திரையைப் பார்த்தபடியே சொன்னார்கள். அம்மா வாய் திறக்கவில்லை. ஆட்டோவில் ஏறிய பிறகுதான், "இனிமேல் டாக்டர் எது சொன்னாலும் நீயே கேட்டுக்கொள், என்னிடம் கொண்டுவராதே" என்றார். அதுவும் நோயாளியின் விருப்பம்தானே? வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மார்ஃபின் இருக்கும்போது, செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்ல எப்படி வாய் வந்தது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சேலம்:
வென்டிலேட்டர் வேண்டாம் என்று என் அண்ணன் எல்லோரிடமும் சொல்லியிருந்தும், ஐசியூ வாசலில் கையெழுத்து கேட்டபோது அவருடைய மூன்று பிள்ளைகளும் மூன்று விதமாகப் பேசினார்கள். ஆகவே அனைவருக்கும் சொல்கிறேன், எழுதி வையுங்கள். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று இத்தகைய முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்துக்கு இடமளித்தது. மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் தேவை என்றிருந்த நடைமுறையை 2023 ஜனவரியில் எளிதாக்கியது. இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். நீங்கள் பேச முடியாத நிலையில் யார் முடிவெடுக்க வேண்டும் என்பதைப் பெயருடன் குறிப்பிடுங்கள். ஒருவருக்கு மேற்பட்டோரையும் குறிப்பிடலாம். பிறகு மருத்துவமனையின் முதல்நிலை மருத்துவர் குழுவும் இரண்டாம் நிலை மருத்துவர் குழுவும் ஆராய்ந்தே சிகிச்சையை நிறுத்த முடியும். நினைவு தெளிவாக இருக்கும்வரை ஆவணத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

செவிலியர், தஞ்சாவூர்:
திருநெல்வேலிச் சகோதரிக்கு: மகனை நான் குறை சொல்லவில்லை. எங்கள் மருத்துவர் அறிக்கையைத் திறப்பதற்கு முன்பே, "விவரங்களை உங்களிடமே சொல்லட்டுமா, வீட்டில் வேறு யாரிடமாவது சொல்லட்டுமா?" என்று கேட்டுவிடுவார், உங்கள் அம்மாவுக்கு அந்தக் கேள்வியே கிடைக்கவில்லை. சேலம் ஐயா, ஆவணம் நல்லதுதான். ஆனால் அதைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுப் பிள்ளைகளிடம் வாய் திறக்காமல் இருந்தால், ஐசியூ வாசலில் அதே மூன்று பேச்சுத்தான் நடக்கும்.