மூன்றாம் வகுப்பு மறைக்கல்வி: சிஸ்டரிடம் சொல்லலாமா, கடிதம் கொடுக்கலாமா?

நெல்லித்தோப்பு அம்மா:
என் மகள் புதுச்சேரியில் ஒரு கத்தோலிக்க ஆரம்பப் பள்ளியில் மூன்றாவது படிக்கிறாள். வகுப்பில் 42 பிள்ளைகள், கத்தோலிக்கர் 9 பேர்தான். வாரம் 2 பீரியட் மறைக்கல்வி, அதாவது கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கான மத வகுப்பு. மணி அடித்ததும் இந்த 9 பேரும் எழுந்து வெளியே போக வேண்டும், மீதிப் பேருக்கு வகுப்பிலேயே நன்னெறி. வெளியே என்றால் மாடிப்படிக்குக் கீழே, துடைப்பமும் பக்கெட்டும் வைக்கிற இடம். பாதி நாள் டீச்சர் வருவதே இல்லை. வந்தாலும் கணக்கு ஹோம்வொர்க்கை முடிக்கச் சொல்லிவிடுகிறாராம். உள்ளே குரங்கு முதலைக் கதை, நடிப்பு, கைதட்டல். எல்லாம் இவள் காதில் விழுகிறது.

போன வெள்ளிக்கிழமை கேட்டாள்: "அம்மா, நான் இந்துவா மாறிட்டா உள்ளேயே உக்காரலாமா?" முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் ராத்திரி தூக்கம் வரவில்லை.

அடுத்த வருஷம் புதுநன்மை, அதாவது பூசையில் முதல் முறையாக நற்கருணை அப்பம், வாங்க வேண்டும். பரலோக மந்திரம் சொல்லச் சொன்னால், "பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே" என்று என் மாமியார் சொல்லிக்கொடுத்தபடி தொடங்கி, "உமது பெயர் தூயது எனப் போற்றப்பெறுக" என்று அசெம்பிளியில் சொல்லும் புது மொழிபெயர்ப்புக்குத் தாவி, "உம்முடைய இராச்சியம் வருக" என்று மறுபடி பாட்டியிடமே வந்து நிற்கிறாள்.

தலைமை சிஸ்டரிடம் புகார் சொல்லலாமா? இல்லை, இவளையும் நன்னெறியில் உட்கார வைக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்துவிடலாமா? மாமியாருக்குத் தெரிந்தால் வீடு இரண்டாகும், அது வேறு கதை.

முத்தியால்பேட்டைக்காரன்:
தாராளமாகக் கடிதம் கொடுக்கலாம். அரசியல் சட்டம் 28(3): அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் மத வகுப்பில் கட்டாயமாக உட்கார வைக்க முடியாது. எங்களைப் போன்ற இந்துக் குடும்பங்களுக்கு மட்டும் என்று அதில் இல்லை. என் பையன் 5 வருஷமும் நன்னெறிதான். ஆனாலும் அசெம்பிளியில் கேட்டுக் கேட்டே பரலோக மந்திரம் முழுசும் பிசகாமல் சொல்வான். பொங்கலுக்கு வந்த என் அப்பா ஆடிப்போய்விட்டார்!

வில்லியனூர் வாசி:
ஞாயிறு பூசை முடிந்து கோயிலில், அதாவது சர்ச்சில், ஞானோபதேச வகுப்பு நடக்குமே, அது எதற்கு இருக்கிறது? டியூஷனுக்கு அனுப்புகிறோம், அதற்கு அனுப்ப மாட்டோம்.

மஞ்சக்குப்பம் டீச்சர்:
நான் கடலூரில் 31 வருஷம் மறைக்கல்வி எடுத்து ரிட்டயர் ஆனவள். கடிதம் வேண்டாம்மா. உங்கள் பெண்ணுக்கு மறைக்கல்வி பிடிக்காமல் இல்லை, மாடிப்படிதான் பிடிக்கவில்லை. எங்கள் பள்ளியிலும் இப்படித்தான் இருந்தது. ஒரு வாரம் நாங்கள் புங்க மரத்தடி, மறுவாரம் நன்னெறிக்காரர்கள் மரத்தடி என்று மாற்றிக்கொண்டோம். அதோடு "நாங்க மட்டும் ஏன் வெளிய?" என்ற கேள்வி நின்றது.

டீச்சர் ஏன் வருவதில்லை என்றால், இது மார்க் இல்லாத பீரியட். யாராவது லீவு போட்டால் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்ள முதலில் இழுப்பது மறைக்கல்வி டீச்சரைத்தான். சிஸ்டரிடம் இதை மட்டும் கேளுங்கள், நேரில், எழுத்தில் வேண்டாம்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளக் கூடாது. திருச்சபைச் சட்டம் 914இல், புதுநன்மைக்குப் பிள்ளையைத் தயார் செய்வது முதலில் பெற்றோர் கடமை, கூடவே பங்குச் சாமியார் கடமை என்றுதான் இருக்கிறது. பள்ளிக்கூடம் என்ற பேச்சே அதில் கிடையாது. 7 வயதுவாக்கில் நன்மை கொடுக்கலாம் என்று போப் பத்தாம் பத்திநாதர் 1910இல் சொன்னபோது, பிள்ளைக்குத் தன் வயதுக்கேற்ற அளவில் விசுவாசத்தின் முக்கிய உண்மைகளும், சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் உள்ள வித்தியாசமும் தெரிந்தால் போதும் என்றார். நான் அதைத் தோசைக்கல்லில்தான் ஆரம்பிப்பேன். கோதுமை மாவு, தண்ணீர், அவ்வளவுதான். உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது. மெல்லிசாகச் சுட்டு ஆளுக்கு ஒரு துண்டு கொடுப்பேன். "சப்புன்னு இருக்கு டீச்சர்" என்பார்கள். பூசையில் கொடுப்பதும் இதே மாவு, இதே தண்ணீர், அப்புறம் என்ன ஆகிறது என்று பேச்சு அங்கேயிருந்து தொடங்கும்.

மந்திரம் கலந்து வருவதைத் திருத்த அவசரப்படாதீர்கள். பாட்டியோடு பழையது, கோயிலில் புதியது. என் பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தார்கள்.

நெல்லித்தோப்பு அம்மா:
கடிதம் எழுதவில்லை. சிஸ்டரை நேரில் பார்த்தேன். மாடிப்படிக்குக் கீழே உட்கார்கிறார்கள் என்பதே அவருக்குத் தெரியாதாம்! லைப்ரரி அறையைத் தருகிறேன் என்றார், சாவி யாரிடம் இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. ராத்திரி தோசைக்கல்லில் சுட்டோம். மாமியார் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு சும்மா இருந்தார். இவள் சர்க்கரை கேட்டாள்.