மிச்சமான ஐவர்மெக்டினை வைத்திருக்கலாமா?

செந்தூல்காரி:
அப்பாவின் மருந்து டப்பாவில் 2021-இல் அண்ணன் எங்கிருந்தோ வாங்கிய ஐவர்மெக்டின் அட்டை கிடந்தது. பாதி பிரித்தபடி, அவர் இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் வார்ஃபரின் பாக்கெட்டுக்கு அடியில். “பழைய பூச்சி மருந்துதானே, கொரோனா வந்தால் உதவும், இருக்கட்டும்” என்கிறார் அப்பா. என்ன சொல்வது?

மருந்துக்கடை அண்ணன், பிரிக்பீல்ட்ஸ்:
நம் மலேசியாவிலேயே அதே 2021-இல் கொரோனாவுக்கு இதைச் சோதித்தார்கள், தங்கச்சி. 50 வயதைத் தாண்டிய 490 நோயாளிகள். ஐந்து நாள் மருந்து. நோய் முற்றியது மருந்து எடுத்தவர்களில் 21.6 விழுக்காடு, எடுக்காதவர்களில் 17.3. அந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம், ஆனால் பலன் தெரியவில்லை. வயிற்றுப்போக்குதான் கூடுதல். வார்ஃபரினோடு சேர்ந்தால் இரத்தக்கசிவு அபாயம் கூடலாம். எனக்கு அதுதான் கவலை.

பட்டர்வொர்த் அக்கா:
பழைய மருந்து எல்லாமே வீண் இல்லையே! டெக்ஸாமெத்தசோன் என்கிற பழைய ஸ்டீராய்டு மருந்து கொரோனாவுக்கு உதவியதே?

மருந்துக்கடை அண்ணன், பிரிக்பீல்ட்ஸ்:
சரிதான் அக்கா. 2020 ஜூனில் பிரிட்டன் ஆய்வில் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனில்லை. அதுவும் வீட்டில் வைத்துச் சாப்பிடுகிற மருந்தா என்ன?

செந்தூல்காரி:
வார்ஃபரின் விஷயத்தைச் சொன்னதும் அப்பாவே அட்டையை நீட்டிவிட்டார். எங்கே போடுவது?

மருந்துக்கடை அண்ணன், பிரிக்பீல்ட்ஸ்:
குப்பையில் வேண்டாம். அரசு மருத்துவமனை ஃபார்மசி கவுண்டரில் கொடுங்கள், வாங்கிக்கொள்வார்கள்.